யாழ்ப்பாணம் வருகிறீர்களா? ஒரு நாளைக்கு ஒரு வீதியைப் பிடியுங்கள்

முதல் தடவை யாழ்ப்பாணம் வருகிற பலர் கையில் ஒரு பட்டியலோடு வந்து இறங்குகிறார்கள். நல்லூர், கோட்டை, நூலகம், கீரிமலை, நயினாதீவு, நெடுந்தீவு, பருத்தித்துறை, கசூரினா கடற்கரை. வரைபடத்தில் எல்லாம் கிட்டக் கிட்டத்தான் தெரியும். இரண்டு நாளில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டு, கீரிமலையிலிருந்து காரைநகர், அங்கிருந்து பருத்தித்துறை என்று குறுக்கும் மறுக்குமாக ஓட்டோவில் அலைந்து, காசும் போய், கோயில் நடை சாத்திய நேரத்தில் போய் நின்று, களைத்துப்போய்த் திரும்புகிறார்கள். பார்க்க எனக்குக் கவலையாக இருக்கும். இந்த ஊர் வீதிகள் போடப்பட்டிருக்கிற விதத்தை ஒருமுறை விளங்கிக்கொண்டால் பஸ்ஸிலும் சைக்கிளிலுமே குடாநாட்டின் பெரும்பகுதியைப் பார்த்துவிடலாம்.

முதலில் மனதில் வைக்க வேண்டியது இதுதான். யாழ். நகரம் குடாநாட்டின் தெற்குக் கரையில், கடல்நீரேரியை ஒட்டி இருக்கிறது. அங்கிருந்து பெரிய வீதிகள் விசிறி மாதிரி விரிந்து போகின்றன. கிழக்கே கண்டி வீதி, அதுதான் ஏ-9. வடகிழக்கே பருத்தித்துறை வீதி. வடக்கே பலாலி வீதி, அதற்குக் கொஞ்சம் மேற்கே காங்கேசன்துறை வீதி, எல்லோரும் கே.கே.எஸ். வீதி என்றுதான் சொல்வார்கள். வடமேற்கே மானிப்பாய் வழியாகக் காரைநகர்ப் பக்கம் போகிற வீதி. தென்மேற்கே பண்ணைப் பாலத்தைக் கடந்து தீவகம். பஸ்கள் பெரும்பாலும் இந்த வீதிகள் வழியேதான் நகரத்துக்கு வந்து போகும். ஒரு வீதியின் நுனியிலிருந்து இன்னொரு வீதியின் நுனிக்குக் குறுக்கே போவதுதான் சிரமம். ஆகவே ஒரு நாளைக்கு ஒரு வீதி. காலையில் வெள்ளன வெளிக்கிட்டு நுனி வரை போய், வரும் வழியில் இறங்கி இறங்கிப் பார்த்துக்கொண்டு, பின்னேரம் நகரத்துக்குத் திரும்புங்கள்.

வந்து சேர்வது

கொழும்பிலிருந்து வருபவர்களுக்கு என் முதல் தெரிவு ரயில்தான். 1990இல் நின்றுபோன ரயில் 2014 ஒக்டோபரில்தான் மறுபடி யாழ்ப்பாணம் வந்தது, 2015 தொடக்கத்தில் காங்கேசன்துறை வரை போனது. அந்த இருபத்துச்சொச்ச வருடம் இந்தத் தண்டவாளம் இல்லாமல் இருந்த சனத்துக்கு அது வெறும் வண்டி இல்லை. ஆனையிறவைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் உப்பளமும் நீரேரியும் தெரியும், பகல் ரயிலில் வந்தால் அதற்காகவே யன்னல் பக்கம் இருங்கள். ஆசனத்தை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், வெள்ளிக்கிழமைகளிலும் நீண்ட விடுமுறைகளிலும் கடைசி நேரத்தில் கிடைக்காது. இன்னொன்று, ரயில் பாதை நகரத்தைத் தாண்டி வடக்கே கே.கே.எஸ். வீதியை ஒட்டித்தான் போகிறது. நீங்கள் தங்கப்போகிற இடம் கொக்குவில், கோண்டாவில், சுன்னாகம் பக்கம் என்றால், உங்கள் ரயில் அங்கே நிற்குமா என்று கேளுங்கள். நின்றால் நகரத்தில் இறங்கித் திரும்பி வரத் தேவையில்லை.

இரவு பஸ்கள் கொழும்பிலிருந்து நிறைய வருகின்றன, விடிய வந்து சேரும். எந்த இடத்தில் இறக்கிவிடுவார்கள் என்பதை ஏறும்போதே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். சில பஸ்கள் நகரத்தோடு நின்றுவிடும், சில உள்ளே ஊர்கள் வரை போகும். இருட்டுக்குள் நித்திரைத் தூக்கத்தோடு தெரியாத சந்தியில் இறங்குவது நல்லதில்லை.

சென்னையிலிருந்து நேரே வருபவர்கள் பலாலியில் இறங்குவார்கள். 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. சின்ன நிலையம்தான், நகரத்திலிருந்து பதினாறு, பதினேழு கிலோமீற்றர். வெளியே வந்தவுடன் வாகனம் வரிசையாக நிற்கும் என்று எதிர்பார்க்காமல், தங்குமிடத்துக்காரரிடம் சொல்லி ஓட்டோவோ வானோ முதலே ஒழுங்கு செய்வது நல்லது. நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 ஒக்டோபரில் தொடங்கிய கப்பல் சேவையும் இருக்கிறது. ஆனால் மாரிகாலக் கடலில் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

முதல் நாள்: நகரம்

முதல் நாள் எந்த பஸ்ஸிலும் ஏற வேண்டாம். நகரத்தை நடந்து, அல்லது சைக்கிளில் பாருங்கள். யாழ்ப்பாணம் தட்டையான நிலம், ஏற்றம் இறக்கம் என்று சொல்ல ஒன்றும் இல்லை, எழுபது வயதுக்காரரும் இன்னும் சைக்கிள் உழக்குகிற ஊர் இது. தங்குமிடங்கள் பலவற்றில் நாள் வாடகைக்குச் சைக்கிள் தருவார்கள். எடுக்கும்போது பிரேக்கையும் பூட்டையும் பாருங்கள், முன் லைட் இருக்கிறதா என்றும் பாருங்கள், ஒழுங்கைகளில் இரவு வெளிச்சம் குறைவு.

மத்திய பஸ் நிலையத்தை மையமாக வைத்துக்கொண்டால் வழி தவறாது. அதை ஒட்டி ஆஸ்பத்திரி வீதி, பக்கத்தில் போதனா வைத்தியசாலை, சுற்றிக் கடைத்தெரு. ரயில் நிலையம் நடக்கிற தூரம்தான். பஸ் நிலையத்திலிருந்து தெற்கே கொஞ்சம் நடந்தால் மணிக்கூட்டுக் கோபுரம், 1875இல் வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்ததன் நினைவாக எழுப்பியது. அதற்கு அங்கால் வெள்ளை வெளேரென்று நிற்பது யாழ். பொது நூலகம். 1981 ஜூன் முதலாம் திகதியை ஒட்டிய இரவில் எரிக்கப்பட்டு, தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்ட நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாகிப்போன இடம். இன்றைக்கு அங்கே பிள்ளைகள் சோதனைக்குப் படித்துக்கொண்டிருப்பார்கள். படம் எடுக்க மட்டும் உள்ளே போகாதீர்கள். பார்வையாளர் நேரத்தை வாசலில் கேட்டுவிட்டு, சத்தமில்லாமல் போய், ஒரு பத்து நிமிடமாவது இருந்துவிட்டு வாருங்கள்.

அங்கிருந்து கோட்டை கூப்பிடு தூரம். போர்த்துக்கேயர் கட்டியதை 1658இல் பிடித்த ஒல்லாந்தர் ஐங்கோணமாக மாற்றிக் கட்டினார்கள். மதிய வெயிலில் மதிலில் ஏறினால் தலை வெடிக்கும். நாலரை மணிக்குப் பிறகு போங்கள், மதிலில் நின்று பார்த்தால் பண்ணைக் கடலும் நாளைக்கு நீங்கள் போகப்போகிற பாலமும் தெரியும்.

நல்லூர்க் கந்தசுவாமி கோயில், நகரத்திலிருந்து சைக்கிளில் பத்துப் பதினைந்து நிமிடம். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், உள்ளே படம் எடுக்கக் கூடாது. பூசைகள் நேரம் தவறாமல் நடக்கும், ஒரு நிமிடம்கூடப் பிந்தாது. மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள், பின்னேரப் பூசைக்குப் போய்விட்டு வெளியே வந்து ஐஸ்கிறீம் சாப்பிடுவது இங்கே குடும்பம் குடும்பமாகச் செய்கிற காரியம், நீங்களும் செய்யுங்கள். கோயில்களுக்குப் போகிற நாளில் முழங்காலை மூடுகிற உடுப்புப் போடுங்கள். இதை வேறு எங்கும் தனியாகச் சொல்லப் போவதில்லை, குடாநாடு முழுவதற்கும் இதே விதிதான்.

பஸ் ஏறுவது எப்படி

இரண்டு வகை. சிவப்பு இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ், தனியார் மினிபஸ். பெரும்பாலும் ஒரே வழிதான், ஒரே இலக்கம்தான். மினிபஸ் சனம் நிறைந்தால்தான் கிளம்பும், வழியில் கைகாட்டின இடமெல்லாம் நிற்கும். இ.போ.ச. பஸ் நேர அட்டவணைக்கு ஓடும். முன்னால் இலக்கமும் ஊர்ப் பெயரும் தமிழில் இருக்கும். ஆனாலும் ஏறுமுன் நடத்துநரிடம் “அண்ணை, இது குறிகட்டுவான் போகுமோ?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஒரே ஊருக்கு இரண்டு மூன்று வழியால் பஸ் போகும் என்பதால்தான் சொல்கிறேன்.

காசு ஏறிய பிறகு நடத்துநரிடம் கொடுப்பது. இருபது, ஐம்பது, நூறு ரூபாய்த் தாள்கள் கையில் இருக்க வேண்டும், ஐயாயிரம் ரூபாயை நீட்டினால் அவரால் என்ன செய்ய முடியும்? காலையில் ஒரு தேத்தண்ணிக் கடையிலோ மருந்துக்கடையிலோ மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். இறங்கும் இடம் தெரியாவிட்டால் நடத்துநரிடம் சொல்லிவைத்தால் மறக்காமல் இறக்கிவிடுவார், அவர் மறந்தாலும் பக்கத்தில் இருக்கிற அம்மா மறக்க மாட்டார். இறங்க “இறக்கம்” என்று சத்தமாகச் சொன்னால் போதும். பள்ளிக்கூடம் தொடங்குகிற, விடுகிற நேரங்களில் பஸ் நெரிசலாக இருக்கும், பெரிய பையோடு அந்த நேரம் ஏறாதீர்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது கடைசி பஸ். ஊர்ப்பக்கப் பாதைகளில் மாலை மங்கியதும் பஸ் குறைந்துவிடும், சில இடங்களில் அதற்கு முன்னமே நின்றுவிடும். போய் இறங்கியவுடனே “கடைசி பஸ் எத்தனை மணிக்கு?” என்று கேட்டுவிட்டுத்தான் சுற்றிப் பார்க்கத் தொடங்க வேண்டும்.

தீவக வீதி

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்று யாராவது கேட்டால் நான் இந்த வீதியைத்தான் சொல்வேன். 776ஆம் இலக்க பஸ் குறிகட்டுவானுக்குப் போகிறது. பண்ணையைத் தாண்டியவுடன் இரண்டு பக்கமும் கடல், அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை, பிறகு புங்குடுதீவுக்குப் போகிற நீண்ட தாம்போதி. பஸ் தண்ணீருக்கு மேலே போகிற மாதிரியே இருக்கும், இறால் கூடுகள் வரிசையாக நட்டு வைத்திருப்பதைப் பார்க்கலாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். காலை ஆறு, ஆறரைக்குள் பஸ் நிலையத்தில் நில்லுங்கள்.

குறிகட்டுவான் இறங்குதுறையில் இரண்டு தெரிவு. நயினாதீவு என்றால் படகு அடிக்கடி போகும், இருபது நிமிடம் அளவில் போய்விடலாம். நாகபூசணி அம்மன் கோயில் இறங்குதுறைக்கு நேரே நிற்கும், கொஞ்சம் தள்ளி நாகவிகாரை. மத்தியானப் பூசைக்கு நின்றால் பக்கத்து அமுதசுரபி மடத்தில் அன்னதானம் கிடைக்கும், யார் எவர் என்று கேட்காமல் போடுவார்கள். படகில் உயிர்காப்பு அங்கி தந்தால் வாங்கிப் போடுங்கள், தராவிட்டால் கேளுங்கள். கூட்டம் அளவுக்கு மீறி ஏறினால் அடுத்த படகுக்கு நில்லுங்கள். ஆனி மாதத் திருவிழாக் காலத்தில் இந்தச் சொல்லைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

நெடுந்தீவு வேறு கதை. படகு ஒரு மணி நேரம் எடுக்கும், ஒரு நாளில் போகிற வருகிற படகுகள் எண்ணிக்கையில் குறைவு. காலைப் படகில் போய் பின்னேரப் படகில் திரும்ப வேண்டும், திரும்பும் நேரத்தை இந்தக் கரையிலேயே படகுக்காரரிடம் கேளுங்கள், அந்தக் கரையில் இறங்கியதும் மறுபடி கேளுங்கள். தவறவிட்டால் இரவு அங்கேதான். தீவுக்குள் ஓட்டோ பிடித்து ஒரு சுற்று வரலாம். சுண்ணக்கல்லையும் பவளக்கல்லையும் அடுக்கிய வேலிகள், ஒல்லாந்தர் கோட்டையின் மிச்சம், பெரிய பெருக்கமரம், வெளியில் மேய்கிற குதிரைகள். தண்ணீர்ப் போத்தலும் தொப்பியும் கையில் இருக்கட்டும், நிழல் குறைவு. 1985 மே 15ஆம் திகதி இந்தக் கடலில்தான் குமுதினிப் படகை மறித்துப் பயணிகளை வெட்டிக் கொன்றார்கள். நெடுந்தீவில் அப்படிச் செத்தவர்களுக்கு நினைவிடம் இருக்கிறது. ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போங்கள். அந்தத் தீவில் உங்களோடு கதைக்கிற வயதானவர்கள் பலருக்கு அது சொந்தக்காரரின் சாவு.

வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, வீசும். அப்போது நெடுந்தீவுக் கடல் நன்றாகக் குலுக்கும், கடல் ஒத்துக்கொள்ளாதவர்கள் நயினாதீவோடு நிறுத்திக்கொள்ளலாம். திரும்பும் வழியில் நேரம் இருந்தால் சாட்டிக் கடற்கரையில் இறங்குங்கள், ஆழமில்லாத கரை.

மற்ற வீதிகள்

கே.கே.எஸ். வீதியில் 769 ஓடுகிறது. கொக்குவில், இணுவில், மருதனார்மடம், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை என்று போகும். சுன்னாகத்தில் இறங்கி ஓட்டோவில் கந்தரோடை போனால் பழைய பௌத்தத் தூபிகள் கூட்டமாக நிற்கிற இடம் இருக்கிறது. சுன்னாகம் சந்தையைக் காலையில் பார்க்க வேண்டும், வைகாசி, ஆனியில் என்றால் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வாங்காமல் வராதீர்கள். மாவிட்டபுரத்திலிருந்து மேற்கே திரும்பினால் கீரிமலை. கடலுக்குப் பக்கத்திலேயே நன்னீர்க் கேணி, ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. மாற்றுடுப்பும் துவாயும் கொண்டுபோங்கள். நகுலேஸ்வரம் சிவன் கோயில் பக்கத்தில். ஆடி அமாவாசையன்று பிதிர்க்கடன் செய்ய வருகிற சனம் நிறைந்து வழியும், குளிக்க மட்டும் போகிறவர்கள் அன்றைக்குத் தவிர்த்துவிடுங்கள்.

இந்த வடக்குக் கரையிலும் பலாலிப் பக்கமும் இன்னும் இராணுவம் வைத்திருக்கிற நிலம் இருக்கிறது. சனம் தங்கள் சொந்தக் காணிக்காக முப்பது வருடத்துக்கு மேலாகக் காத்திருக்கிற இடங்கள் அவை. கம்பி வேலி, முகாம், காவலரண் எதையும் படம் எடுக்காதீர்கள், அறிவிப்புப் பலகையைத் தாண்டி உள்ளே போகாதீர்கள்.

பருத்தித்துறைக்கு 750 நெல்லியடி வழியாகப் போகும், 751 வல்வெட்டித்துறை வழியாக. ஒன்றில் போய் மற்றதில் வந்தால் ஒரே வழியை இரண்டு தடவை பார்க்க வேண்டியதில்லை. போகும்போது கோப்பாய், நீர்வேலி வாழைத்தோட்டங்களும் செம்மண்ணும், பிறகு வல்லை வெளி, காற்று யன்னலால் அடித்துக்கொண்டு வரும். வரும்போது கடற்கரையோரமாக வல்வெட்டித்துறை, தொண்டைமானாற்றில் செல்வச்சந்நிதி முருகன் கோயில், அங்கும் அன்னதானம் உண்டு. பருத்தித்துறையில் இறங்கியதும் வடை சாப்பிடுங்கள், தட்டையாக, மொறுமொறுவென்று, நாள்பட வைத்திருக்கலாம்.

காரைநகர் வீதியில் மட்டும் என் விதிக்கு ஒரு விலக்கு உண்டு. பொன்னாலைப் பாலம் கடந்து காரைநகர் போய், ஓட்டோவில் கசூரினாக் கடற்கரையைப் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பாமல் காரைநகர்த் துறைக்குப் போங்கள். அங்கிருந்து ஊர்காவற்துறைக்குப் ‘பாதை’ ஓடுகிறது. ஆட்களையும் சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போகிற மிதவை. நடுக்கடலில் நிற்கிற கடற்கோட்டையை அதிலிருந்து பார்க்கலாம். அக்கரையில் இறங்கி 777ஆம் இலக்க பஸ்ஸில் நகரத்துக்கு வந்துவிடலாம். சைக்கிளில் நன்றாக ஓடக்கூடியவர்களுக்கு இதைவிட நல்ல வட்டம் குடாநாட்டில் இல்லை, காற்றைப் பார்த்துத் திசையைத் தெரிவுசெய்தால் சரி.

ஓட்டோ, மோட்டார் சைக்கிள், வழி கேட்பது

நகரத்துக்குள் ஓட்டோவுக்குப் பிக்மீ செயலி வேலை செய்யும், விலை முதலே தெரிந்துவிடும். செயலி இல்லாமல் ஏறினால் ஏறுமுன் பேசி முடியுங்கள். ஊர்ப்பக்கம் போவதானால் “போய், அங்கே ஒரு மணித்தியாலம் நின்று, திரும்பக் கொண்டுவந்து விட எவ்வளவு அண்ணை?” என்று மொத்தமாகக் கேளுங்கள். ஒருவழிக்கு மட்டும் பேசிவிட்டு அங்கே திரும்ப வண்டி தேடுவதுதான் செலவு. நல்ல சாரதி கிடைத்தால் அவர் நம்பரை வாங்கி வைத்து அவரையே கூப்பிடுங்கள், இரண்டாம் நாளிலிருந்து அவர் உங்களுக்குச் சொந்தக்காரர் மாதிரி ஆகிவிடுவார்.

மோட்டார் சைக்கிள் வாடகைக்கு எடுக்க விரும்பும் வெளிநாட்டவர், இந்தியர் உட்பட, இலங்கையில் செல்லுபடியாகும் தற்காலிக அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். உங்கள் ஊர் லைசென்ஸ் மட்டும் காட்டினால் பொலிஸ் மறிக்கும்போது பிரச்சினை. பின்னால் இருப்பவருக்கும் தலைக்கவசம் கட்டாயம். ஒழுங்கையிலிருந்து பெரிய வீதிக்கு ஏறுகிற இடங்களில் மாடும் சைக்கிளும் திடீரென்று வரும், மெதுவாகப் போங்கள்.

வழி கேட்டால் இங்கே வீதிப் பெயரை விட அடையாளம்தான் சொல்வார்கள். வைரவர் கோயிலடி, பள்ளிக்கூடத்தடி, அரசடி, சங்கக் கடையடி என்றுதான் வரும். அதனால் நீங்கள் தங்குகிற இடத்துக்குக் கிட்ட உள்ள கோயில், சந்தி, பள்ளிக்கூடம் மூன்றையும் முதல் நாளே கேட்டு எழுதிவையுங்கள். தொலைபேசி வரைபடம் சின்ன ஒழுங்கைகளில் சில நேரம் முட்டுச்சந்தில் கொண்டுபோய் விடும். அப்போது கடைக்கார அக்காவிடமோ படலையடியில் நிற்கிற ஐயாவிடமோ கேளுங்கள். சிலர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கூடவே வந்து காட்டிவிட்டுத்தான் போவார்கள்.

காலமும் நேரமும்

ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம், மார்கழியிலும் விடாது. ஒழுங்கைகளில் வெள்ளம் நிற்கும், படகுகள் நிறுத்தப்படலாம். சித்திரை, வைகாசி வெயில் கடுமை. தை தொடக்கம் பங்குனி வரை சுற்றுவதற்கு நல்ல காலம். நல்லூர்த் திருவிழா ஆடி அமாவாசையிலிருந்து ஆறாம் நாள் கொடியேறி 25 நாள் நடக்கும். அந்த நாட்களில் கோயிலைச் சுற்றி வீதிகளை வாகனத்துக்கு மூடிவிடுவார்கள், பஸ்களும் வேறு வழியால் போகும், அறைகள் மாதக்கணக்கில் முதலே நிரம்பிவிடும். அந்த நேரம்தான் வர விருப்பம் என்றால் நல்லூருக்கு நடந்து போகிற தூரத்தில் தங்குமிடம் பாருங்கள், தேர் நாளில் வேறு எந்த ஊருக்கும் போகத் திட்டம் வேண்டாம்.

பௌர்ணமி நாட்களில் நாடு முழுவதும் விடுமுறை, முதல் நாளே காசை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வங்கி இயந்திரங்கள் நகரத்திலும் பெரிய சந்திகளிலும் உண்டு, தீவுகளில் எதிர்பார்க்காதீர்கள். அவசரத்துக்கு 1990 இலவச அம்புலன்ஸ், 119 பொலிஸ். இரண்டையும் தொலைபேசியில் பதிந்து வையுங்கள்.

திரும்பும் ரயிலுக்கும் வந்த அன்றே பதிவைப் பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் இரவு பஸ் இருக்கிறது. அதில் ஆசனம் பதியும்போது உங்கள் தொலைபேசி நம்பரையும் ஏறுகிற சந்தியின் பெயரையும் சரியாகக் கொடுங்கள், பஸ் வெளிக்கிடுமுன் கூப்பிட்டுச் சொல்வார்கள். சொன்ன நேரத்துக்குப் பதினைந்து நிமிடம் முன்னதாகவே சந்தியில் போய் நில்லுங்கள்.